சாவி யாரிடம்? மேகக் கிடங்கில் ஆவணங்களைப் பாதுகாப்பாகப் பகிரும் முறை

முன்னுரை

நம்மவர் வீடுகளில் ஒரு பழைய பிஸ்கட் டின் கட்டாயம் இருக்கும். அதிலிருந்த பிஸ்கட் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். டின்னுக்குள் பிறப்புப் பத்திரங்கள், அம்மா அப்பாவின் திருமணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம், தாத்தாவின் பழைய அடையாளக் கார்டு எனக் குடும்பத்தின் வரலாறே மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த டின் அலமாரிக்குள் இருக்கும். அலமாரிச் சாவி அம்மாவிடம் இருக்கும். எந்தப் பத்திரம் யாரிடம் கொடுக்கப்பட்டது, அது திரும்பி வந்ததா இல்லையா என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி.

இன்று அந்த டின்னில் இருந்தவை கைப்பேசியால் படம் பிடிக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்படுகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கடனுதவி, உபகாரச் சம்பளம், வேலை நேர்காணல் என எதை எடுத்தாலும் ஆவணங்களை மேகக் கிடங்கில் போட்டு, இணைப்பை மட்டும் அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. வசதி பெருகியுள்ளது, மறுப்பதற்கில்லை. ஆனால், அலமாரிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. கணினித் துறையைச் சாராத நண்பர்களும் புரிந்துகொள்ளும் வண்ணம், மறையாக்கம் என்னும் கலையின் துணையோடு அதற்கு விடை காண முயல்வோம்.

மேகம் என்பது யாது?

மேகக் கிடங்கு என்றதும் கோப்புகள் எங்கோ வானத்தில் மிதப்பதாக எண்ணிவிடக் கூடாது. கூகிள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற சேவைகளில் நாம் பதிவேற்றும் ஒவ்வொரு கோப்பும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட அறையில் உள்ள கணினி வட்டில் எழுதப்படுகிறது. பழுது ஏற்பட்டாலும் அழியாதிருக்க ஒரே கோப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நகலெடுத்து வைக்கப்படும். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே இத்தகைய மேகச் சேவை மையங்களைத் திறந்தது. ஆக, மேகம் என்பது வேறொருவருக்குச் சொந்தமான கணினி. அதில் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேறொருவர் வீட்டில் நம் பொருளை வைப்பது தவறில்லை. நம் முன்னோர் நகையை அடகுக் கடையிலும் பணத்தைச் செட்டியார் கடையிலும் வைத்தவர்கள்தாம். எந்த நிலையில் வைக்கிறோம், பூட்டி வைக்கிறோமா, திறந்து வைக்கிறோமா என்பதே கவனிக்க வேண்டியது.

டத்தோ கிராமாட்டில் எழுந்த கேள்வி

ஜார்ஜ்டவுனைச் சேர்ந்த டத்தோ கிராமாட், தைப்பூசத்தின்போது இரதம் செல்லும் சாலையாகப் பினாங்குக்கு வெளியே உள்ளவர்களுக்கும் அறிமுகமான இடம். நான் வளர்ந்த பகுதி அது. தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, பின் பல்கலைக்கழகத்திலும் கால் வைத்துவிட்டால், அடுக்குமாடியில் நமக்கு ஒரு பொறுப்பு தானாக வந்து சேரும். "கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை" என்ற பொறுப்பு. யார் வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றாலும் பத்திரங்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வசதி குறைந்த மாணவர்களுக்குக் கல்வி உதவிநிதி பெற்றுத் தர முயன்ற ஓர் அமைப்பு எங்கள் வட்டாரத்தில் விண்ணப்பங்களைத் திரட்டியது. அமைப்பின் பெயர் இங்குத் தேவையில்லை. அவர்கள் நோக்கம் நல்லதே. ஒரு மேகக் கோப்புறையைத் திறந்து, அதன் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பெற்றோர்கள் ஆவணங்களை அனுப்ப, அவை அந்தக் கோப்புறையில் சேர்ந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். அடையாளக் கார்டின் இருபுறமும், தந்தையின் சம்பளச் சீட்டு, தாயின் மணவிலக்குப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என எல்லாம் அதில் இருந்தன. கோப்புறையின் அமைப்பு "இணைப்பு உள்ள எவரும் காணலாம்" என்று வைக்கப்பட்டிருந்தது.

உதவிநிதி கொடுத்து முடிந்தது. அடுத்த ஆண்டு, தன் இரண்டாவது மகளுக்கு விண்ணப்பிக்க வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, போன வருசம் கொடுத்த சூராட் எல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு?" பழைய வாட்ஸ்அப் குழுவுக்குச் சென்று இணைப்பைத் தட்டினேன். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் கோப்புறை திறந்துகொண்டது. குழுவில் இருந்து விலகியவர்கள், கைப்பேசியை விற்றவர்கள், இணைப்பை வேறெவருக்கேனும் அனுப்பியவர்கள் யாவரிடமும் அந்தச் சாவி இருந்தது. அந்த அம்மாவுக்குச் சொல்ல அமைப்பினரிடமும் விடை இல்லை; என்னிடமும் இல்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால், அடையாளக் கார்டின் தெளிவான நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்து கிடைத்தால் ஒருவர் பெயரில் கைப்பேசி எண் பதியலாம், கடன் கேட்கலாம், மோசடிப் பணத்தைக் கைமாற்றும் வங்கிக் கணக்கு தொடங்க முயலலாம். மலாய் நாளேடுகள் "அக்காவுன் கெல்டாய்", அதாவது கழுதைக் கணக்கு, என்று குறிப்பிடுவது இதைத்தான். பொதி சுமக்கும் கழுதைக்குப் பொதியில் என்ன இருக்கிறதென்று தெரியாது; அடி மட்டும் அதற்கே. பதினெட்டு வயது மாணவன் ஒருவன் தன் பெயரில் நடந்த ஒன்றுக்காகக் காவல் நிலையத்தில் நிற்பதென்பது அந்தக் குடும்பத்திற்குச் சின்ன விஷயமில்லை.

மூன்று இடங்களில் மூன்று பூட்டுகள்

"கூகிளும் டிராப்பாக்ஸும் ஏற்கெனவே மறையாக்கம் செய்கின்றனவே" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால், மறையாக்கம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பயணத்தின்போது. நம் கணினியிலிருந்து நிறுவனத்தின் கணினிக்குக் கோப்பு செல்லும் வழியில் இது நடக்கிறது. உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னம் இதைக் குறிப்பது. காப்பிக் கடை வைஃபையில் நம் பக்கத்து மேசைக்காரர் ஒட்டுப் பார்ப்பதை இது தடுக்கும்.

இரண்டாவது, ஓய்வின்போது. நிறுவனத்தின் வட்டில் கோப்பு மறையாக்கப்பட்ட நிலையில் இருக்கும். யாரேனும் அந்த வட்டைக் கழற்றிச் சென்றாலும் படிக்க முடியாது. ஆனால், சாவி நிறுவனத்திடமே உள்ளது. பொதுமக்கள் பயன்படுத்தும் சாதாரணக் கணக்குகளில் நிலைமை இதுதான்.

மூன்றாவது, புறப்படுவதற்கு முன்பே. நம் கணினியிலேயே கோப்பைப் பூட்டி, பூட்டிய பெட்டியை மட்டும் மேகத்திற்கு அனுப்புவது. இங்குச் சாவி நம்மை விட்டு வெளியே போவதில்லை. நிறுவனம் சுமப்பது பூட்டிய பெட்டியை மட்டுமே.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வேறுபாட்டை 2011-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள், டிராப்பாக்ஸ் தன் நிரலில் செய்த ஒரு மாற்றத்தில் பிழை நேர்ந்து, சுமார் நான்கு மணி நேரம் எந்தக் கணக்கையும் எந்தக் கடவுச்சொல்லைப் போட்டும் திறக்கும் நிலை ஏற்பட்டது. வட்டில் இருந்த கோப்புகள் அப்போதும் மறையாக்கப்பட்டே இருந்தன. ஆனால், சாவியைக் கையில் வைத்திருந்த காவலாளியே வந்தவருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் பூட்டினால் என்ன பயன்? அன்று தம் கோப்புகளைத் தாமே பூட்டிப் பதிவேற்றியிருந்தவர்களின் பெட்டிகள் மட்டும் பூட்டியபடியே இருந்திருக்கும்.

நம் "இணைப்பு உள்ள எவரும்" கோப்புறையிலும் இதே கதைதான். நிறுவனம் தன் கடமையைச் செய்தது. திறக்கச் சொன்னவர்களுக்குத் திறந்து காட்டியது.

குழூஉக்குறியும் மறையாக்கமும்

இலக்கண வகுப்பில் குழூஉக்குறி படித்தது நினைவிருக்கும். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் புரியும்படி ஒரு சொல்லுக்குப் பதில் வேறொரு சொல்லை வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பர். யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பர். வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்பர். இவையும் ஒருவகை மறையாக்கமே. கேட்பவர்க்குச் சொல் விளங்கும், பொருள் விளங்காது.

ஆனால், குழூஉக்குறிக்கு ஒரு குறை உண்டு. குழுவில் ஒருவர் வெளியே சொல்லிவிட்டால் முழு முறையும் போயிற்று. "பறி" என்றால் பொன் என்று தெரிந்தபின் அந்தச் சொல்லால் யாரையும் மறைக்க முடியாது. இலக்கண நூல்களிலேயே எடுத்துக்காட்டாக ஏறிவிட்ட பிறகு இரகசியம் ஏது?

1883-இல் டச்சுக்காரரான ஆகுஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கும் ஒரு விதியை எழுதினார். பூட்டும் முறை எதிரிக்கு முழுவதும் தெரிந்திருந்தாலும், சாவி தெரியாதவரை செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய மறையாக்கம் முழுவதும் இந்த அடித்தளத்தில் நிற்கிறது. முறையை உலகறியச் செய், சாவியை மட்டும் மறை. யாரும் சோதித்துப் பார்க்க முடியாத "எங்கள் சொந்த இரகசிய முறை" என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், அதை ஐயத்தோடு பார்ப்பதே அறிவுடைமை.

ஒரே சாவியால் பூட்டித் திறப்பது

இன்று உலகெங்கும் பயன்படும் பூட்டு ஏ.இ.எஸ். எனப்படுவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் வடிவமைத்த இம்முறையை, பல ஆண்டுகள் வெளிப்படையாக நடந்த போட்டிக்குப் பிறகு 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பிருந்த டி.இ.எஸ். முறையின் சாவி 56 பிட் நீளமே. 1998-இல் அதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கணினி, சாவிகளை ஒவ்வொன்றாக முயன்று மூன்று நாளுக்குள் பூட்டைத் திறந்துவிட்டது. ஏ.இ.எஸ். சாவியின் நீளம் 256 பிட் வரை போகும். இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாக முயல்வது நடக்கிற காரியமில்லை.

பூட்டுவதற்கும் திறப்பதற்கும் இங்கு ஒரே சாவிதான். ஆகவே, பினாங்கில் இருக்கும் நான் பூட்டிய கோப்பைக் கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் திறக்க வேண்டுமானால், சாவியை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். எப்படிக் கொடுப்பது? கோப்பையும் சாவியையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டதற்குச் சமம்.

உண்டியல் கற்றுத் தரும் பாடம்

இந்தச் சிக்கலுக்கு 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவர் ஒரு புது வழி காட்டினர். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடெல்மன் ஆகிய மூவர் அதைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தனர். இதைப் புரிந்துகொள்ளக் கோயில் உண்டியலை நினைத்தால் போதும்.

உண்டியலில் யாரும் காசு போடலாம். அதற்குச் சாவி வேண்டியதில்லை, அனுமதியும் வேண்டியதில்லை. போட்டபின் போட்டவராலும் எடுக்க முடியாது. திறக்கும் சாவி நிர்வாகத்திடம் மட்டுமே உண்டு. பொதுச் சாவி மறையாக்கம் இத்தகையதே. ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச் சாவி. அதை ஊரறியக் கொடுக்கலாம். அதுதான் உண்டியலின் வாய். மற்றொன்று தனிச் சாவி. அதை எவரிடமும் கொடுக்கலாகாது. என் பொதுச் சாவியைக் கொண்டு யார் வேண்டுமானாலும் எனக்கென ஒரு கோப்பைப் பூட்டலாம். திறப்பது என்னால் மட்டுமே இயலும்.

மேகத்தில் பலருக்குப் பகிரும் சேவைகள் இரண்டு முறைகளையும் இணைத்துக்கொள்கின்றன. பெரிய கோப்பை ஏ.இ.எஸ். சாவியால் வேகமாகப் பூட்டுகின்றன. பிறகு அந்தச் சிறிய சாவியை, பெறுநர் ஒவ்வொருவரின் உண்டியலிலும் தனித்தனியே போட்டுவிடுகின்றன. மூவருக்குப் பகிர்ந்தால் கோப்பு ஒன்று, பூட்டிய சாவிப் பிரதிகள் மூன்று. நடுவில் இருக்கும் நிறுவனத்திற்கு எந்தப் பிரதியையும் திறக்க முடியாது. புரோட்டான் டிரைவ், மெகா முதலிய சேவைகள் இந்த அடிப்படையில் இயங்குபவை.

இத்தகைய சேவைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கு இல்லாதவர்க்கும் பகிரக்கூடிய இணைப்பை உருவாக்கும்போது, மறைநீக்கச் சாவி அந்த இணைப்பின் பின்பகுதியிலேயே, எண் குறியீட்டுச் சின்னத்திற்குப் பிறகு ஒட்டியிருக்கலாம். அந்தப் பகுதியை உலாவி நிறுவனத்திற்கு அனுப்புவதில்லை. ஆனால், முழு இணைப்பையும் நாம் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் சாவியையும் சேர்த்தே ஒட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அடையாளக் கார்டு எண் கடவுச்சொல் ஆகுமா?

78 இலக்க எண்ணிக்கையில் சாவிகள் இருந்தாலும், நாம் நினைவில் வைப்பது கடவுச்சொல்லைத்தான். கடவுச்சொல்லிலிருந்தே சாவி உருவாக்கப்படுகிறது. சொல் எளிதானால் சாவியும் எளிதில் சிக்கும்.

நம் நாட்டில் ஆவணங்களுக்கு அடையாளக் கார்டு எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்; பினாங்கில் பிறந்தவர்க்குப் பெரும்பாலும் 07. எஞ்சியவை நான்கே இலக்கங்கள்; அதாவது 10,000 வாய்ப்புகள். அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆகவே, ஒருவரின் பிறந்தநாளும் ஊரும் தெரிந்தவர்க்கு மிஞ்சுவது 5,000 வாய்ப்புகள் மட்டுமே. பிறந்தநாளை நாமே முகநூலில் கொண்டாடிவிடுகிறோம். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தாலும் 365 முறை 5,000, அதாவது 18 இலட்சத்து 25 ஆயிரம். கணினிக்கு இது ஒரு பொருட்டே அன்று.

அந்த எண் இரகசியமாகவும் இல்லை. 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்னும் உள்நாட்டு இணையத்தளம் வெளியிட்ட செய்தி நாட்டையே அதிர வைத்தது. 46.2 மில்லியன் கைப்பேசி எண்களைச் சார்ந்த விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வந்திருந்தன. பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண், சிம் அட்டை விவரம் எல்லாம் அதில் அடக்கம். அந்த எண்ணிக்கை அன்றைய மலேசிய மக்கள் தொகையைவிட அதிகம். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை வைத்திருந்ததே காரணம். வெளியில் உலவும் ஓர் எண்ணைச் சாவியாக வைப்பது பூட்டாமல் விடுவதற்கு ஒப்பானது.

நல்ல கடவுச்சொல்லுக்கு எளிய வழி ஒன்று உண்டு. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஐந்து பகடைகளை உருட்டி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்கள். நாமே மனத்தில் தோன்றியதை எடுக்கக் கூடாது. பகடைதான் எடுக்க வேண்டும். ஆறு சொற்களுக்குரிய வாய்ப்புகளை எழுதினால் 24 இலக்க எண் வரும். ஒரு விநாடிக்கு நூறு கோடி முறை முயலும் கணினிக்கும் அனைத்தையும் முயல ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகள் ஆகும்.

நாங்கள் பின்பற்றிய முறை

அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு, அவ்வாண்டு விண்ணப்பங்களைக் கையாளும் பொறுப்பை ஏற்ற எங்களில் மூவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். செலவு ஏதுமில்லை. நம் சங்கங்களும் இதைப் பின்பற்றலாம்.

முதலில், தேவையற்றதைக் கேட்காமல் விடுதல். வங்கிப் புத்தகத்தின் நகல் தேர்வான பிறகே தேவைப்படும். எனவே, விண்ணப்பத்தின்போது அதைக் கேட்கவில்லை. நம்மிடம் இல்லாத ஆவணம் நம்மிடமிருந்து கசியாது. அடையாளக் கார்டு நகலின் குறுக்கே "இன்ன நிதி விண்ணப்பத்திற்கு மட்டும்" என்று எழுதச் சொன்னோம்.

இரண்டாவது, மேகத்திற்கு அனுப்பும் முன் பூட்டுதல். ஒரு மாணவரின் ஆவணங்களைச் செவன்-ஜிப் என்னும் இலவச மென்பொருளால் ஒரே கோப்பாக்கிக் கடவுச்சொல் இட்டோம். இங்கு இரண்டைக் கவனிக்க வேண்டும். அந்த மென்பொருளில் பழைய ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், ஏ.இ.எஸ். முறையை நாமே குறிப்பிட்டால் ஒழிய, ஜிப்கிரிப்டோ என்னும் வலுவற்ற முறையே பயன்படும். அதை உடைக்கும் வழியை 1994-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். செவன்-இசட் வடிவம் ஏ.இ.எஸ். 256-ஐப் பயன்படுத்துகிறது. அடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். இல்லையேல், "அம்மா மணவிலக்குப் பத்திரம்" என்ற பெயரைப் பெட்டியைத் திறக்காமலேயே படித்துவிடலாம்.

மூன்றாவது, சாவிக்கு வேறு வழி. பூட்டிய கோப்பு மேகத்தின் வழியே சென்றது. கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்னோம், அல்லது நேரில் தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒரு வழியை ஒட்டுக் கேட்டவருக்குப் பாதிதான் கிட்டும்.

நான்காவது, மூவருக்கும் பொதுவான பெட்டகம். கிரிப்டோமேட்டர் என்னும் திறமூல மென்பொருள், மேகக் கோப்புறைக்குள் ஒரு பெட்டகத்தை உருவாக்குகிறது. நம் கணினியில் அது சாதாரண வட்டு போலத் தோன்றும். மேகத்தில் இருப்பதோ பெயர்கூடப் படிக்க முடியாத கோப்புகள். நாங்கள் மூவர் மட்டும் அதன் கடவுச்சொல்லை அறிவோம். வழக்கமான கோப்புறைப் பகிர்விலும் "எவரும்" என்பதை எடுத்துவிட்டு, மூவரின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேர்த்தோம். கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பும் போட்டோம்.

ஐந்தாவது, முடிவு தேதி. நிதி வழங்கி முப்பது நாளில் பெட்டகம் அழிக்கப்படும் என்று பெற்றோருக்கு முன்னமே சொல்லி, அவ்வாறே அழித்தோம். குப்பைத்தொட்டிக் கோப்புறையையும் கைப்பேசிப் படத் தொகுப்பையும் சேர்த்தே காலி செய்தோம். "உங்க சூராட் இப்ப யார்கிட்டயும் இல்லை அம்மா" என்று சொல்ல முடிந்தது.

பூட்டால் ஆகாதவை

மறையாக்கம் சர்வரோக நிவாரணி அன்று. அதன் எல்லைகளையும் அறிந்திருப்பது நலம்.

சாவி தொலைந்தால் கோப்பும் தொலைந்ததே. நிறுவனத்திடம் சாவி இல்லாதபோது, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று கேட்டுப் பயனில்லை. ஆகவே, முக்கியமான பெட்டகத்தின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைக்கலாம். அம்மாவின் பிஸ்கட் டின் இங்கு இன்னமும் உதவும். கோயில் உண்டியலை ஒருவர் மட்டும் தனியே திறக்காதது போல், ஓர் இரகசியத்தை மூன்று பங்காக்கி, எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கும்படி அமைக்கும் முறையை ஷமிர் 1979-இல் தந்தார். பெரிய சங்கங்களுக்கு அது பொருந்தும்.

கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒருவர் ஒருமுறை மறைநீக்கிப் பார்த்துவிட்டால், நகல் எடுத்திருக்கலாம். செயலவையிலிருந்து ஒருவர் விலகினால், புதிய கடவுச்சொல்லோடு புதிய பெட்டகம் உருவாக்கிக் கோப்புகளை அதற்கு மாற்ற வேண்டும். இது வருங்காலக் கோப்புகளைக் காக்கும். பழையவற்றுக்கு நம்பிக்கை ஒன்றே காவல்.

வெளியே தெரியும் விவரமும் ஒரு செய்திதான். கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனம், தன் மேகக் கிடங்கிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடப்பட்டதை 2022 டிசம்பரில் அறிவித்தது. பெட்டகங்களில் இருந்த கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டிருந்தன. வலுவான முதன்மைக் கடவுச்சொல் வைத்தவர்களுக்கு அது அரணாக நின்றது. வலுவற்ற சொல் வைத்தவர்களோ, திருடியவர் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் முயன்று பார்க்கும் நிலைக்கு ஆளாயினர். மேலும், இணைய முகவரிகள் மறையாக்கப்படாமல் இருந்தன. யார் எந்த வங்கியைப் பயன்படுத்துகிறார் என்பது பூட்டை உடைக்காமலேயே தெரிந்தது.

விளம்பரத்தில் "முழு மறையாக்கம்" என்று இருப்பதாலேயே ஒரு சேவை குறையற்றதாகிவிடாது. 2022-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெகா சேவையின் மறையாக்க அமைப்பில் கடுமையான ஓட்டைகளைக் கண்டுபிடித்தனர்; நிறுவனம் திருத்தங்கள் வெளியிட்டது. வெளியார் சோதிக்க முடிந்ததால்தான் ஓட்டை தெரிந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கெர்க்ஹோஃப்ஸின் விதி இங்கும் செல்லுபடியாகிறது.

சட்டம் துணை நிற்குமா?

மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அது திருத்தப்பட்டு, தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடப்பாடு 2025 ஜூன் முதல் அமலுக்கு வந்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், அச்சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை மையமாகக் கொண்டது. மத்திய, மாநில அரசாங்கங்கள் அதற்கு உட்பட்டவை அல்ல. ஆலயத்திலோ அடுக்குமாடியிலோ தன்னார்வலர்கள் இலாப நோக்கின்றித் திரட்டும் விண்ணப்பங்களுக்கு அதன் நிழல் எட்டுமா என்பது ஐயமே. சட்டம் கசிந்த பிறகு பேசும். பூட்டுவது நம் வேலை.

முடிவுரை

நண்பர்களே, நம் சமுதாயத்தில் ஒரு பத்திரத்தின் மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாததால் பள்ளிச் சேர்க்கைக்கும் குடியுரிமைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். அப்படிப்பட்ட தாள்களை, கணினி கற்ற பிள்ளைகள் என்ற ஒரே காரணத்திற்காக நம்மிடம் நம்பிக் கொடுக்கிறார்கள். பட்டம் பெறும் முன்பே நம் கைக்கு வந்துவிட்ட பொறுப்பு இது.

இவ்வாண்டு உங்கள் சங்கம் முகாமுக்கோ நிதிக்கோ பெயர் திரட்டும்போது, கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆவணம் நமக்குத் தேவைதானா? சாவி யார் யாரிடம் இருக்கும்? என்றைக்கு அழிப்போம்? மூன்றுக்கும் விடை எழுதி வைத்த பிறகு கோப்புறையைத் திறங்கள். ஏற்கெனவே திறந்து கிடக்கும் பழைய கோப்புறைகள் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் முதல் வேலையாக அவற்றின் பகிர்வை நிறுத்துங்கள்.